ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு

மச்சான்,

மேஜை மேல் ஒரு கயிற்று முடிச்சு இருக்கிறது. எலுமிச்சங்காய் அளவு. இரண்டு வருடமாக பிஸ்கட் டப்பாவில் மூடி வைத்திருந்ததை இன்று காலையில்தான் வெளியே எடுத்தேன். மோந்து பார்த்தால் இன்னும் உப்பும் உனக்குப் பூசிய தைலமும் மணக்கின்றன. உன் கயிறுதான். அது எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லத்தான் இந்த மடல். நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவது வகுப்புப் பதிவேட்டிலும் என் பெயர் இருந்தது. அதனால் நன்றாகவே எழுதுவேன்.

முதலில் நல்ல சேதி. என்னை மேடையில் நடித்துக் காட்டுகிறார்கள்! வேறு யார், உன் மகள் ஸ்டெல்லாதான். நீ படுக்கையில் கிடந்த மூன்று வருடத்தை ஒன்றரை மணி நேர நாடகமாக்கித் தனி ஆளாக நடிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஆயிரம் பேர் இருந்தார்கள். சரி, நூறு பேர். உன்னிடம் குறைத்தே சொல்கிறேன்.

மேடையில் ஒரு கட்டில், உன் பழைய கயிறு. வேறொன்றும் இல்லை. நாம் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன காலத்தில் அதன் ஒரு முனை உன் இடுப்பில், மறுமுனை வள்ளத்தில் என் கையில். குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலிக்குப் பயந்து அவன்தான் கையை விடமாட்டான். நீ இழுத்தால் நான் தூக்க வேண்டும். "மாப்ள, நீ கயித்தப் புடிச்சா நான் கண்ண மூடிக்கிட்டுக் குளிப்பேம்ல" என்பாய்.

என் தங்கை இறந்துபோன மறுவருடம் உனக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது பக்கமும் போயின. ஸ்டெல்லா அந்தக் கயிற்றைத்தான் தேடி எடுத்து உன் இடது கையில் கட்டினாள். நார் உறுத்தாமலிருக்க அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். மறுமுனை எப்போதும் அவள் கையில், அடுப்படியிலும் தூக்கத்திலும். நீ இழுத்தால் ஓடிவந்து உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொண்டையை அடைக்கும் சளியைத் துடைத்தெடுப்பாள்.

மேடையில் அதையெல்லாம் அப்படியே செய்கிறாள். உன் முதுகுப் புண்ணைக் கழுவுவதை, மலம் வாருவதை, ஒருநாள் கோபத்தில் உன்னை அடித்துவிட்டு அந்தக் கையைத் தானே சுவரில் மோதிக்கொண்டதை. எனக்கு இதெல்லாம் தெரியாது மச்சான். இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். தெரியாது.

பிறகு நான் வருகிற காட்சி வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க எம் மச்சான்? எந்திரி மச்சான், கடலுக்குப் போவோம்!" என்று என் குரலிலேயே கத்தினாள். உனக்கென்று கொண்டுவந்த ஆப்பிளைப் பேசிக்கொண்டே தானே தின்று தீர்த்தாள். மண்டபம் சிரித்தது. எல்லாரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அது நான்தான் அண்ணாச்சி" என்று சொல்லவும் செய்தேன்.

அடுத்த காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வேலைக்கான நேர்காணலுக்குப் போன நாள் அது. அன்று உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று காலையில் அவள் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன் மாமா. அப்பா இழுத்தா ஒடனே ஒருச்சாச்சுப் படுக்க வைங்க. கயித்த மட்டும் விட்டுராதீய."

"ஏளா, யாருகிட்டச் சொல்லுத? பதினஞ்சு பாகம் ஆழத்துல இருந்து ஒங்கப்பனத் தூக்குன கை இது!"

எட்டுப் பாகம்தான். நீ இடது கண்ணால் சிரித்தாய்.

அவள் போன அரை மணியில் நீ தூங்கிவிட்டாய். என் வாய் சும்மா இருக்குமா? கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். அங்கே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, அந்தச் சுறாக் கதையச் சொல்லுங்க." ஒருமுறை உன் காலை உரசிப்போன சுறா. மூன்றடி இருக்கும். அன்று அது பன்னிரண்டு அடி ஆனது. கயிற்றை விடாமல் எப்படிப் பிடித்தேன் என்று எழுந்து நின்று செய்துகாட்டினேன். அந்த நேரத்தில்தான் நீ இழுத்திருக்கிறாய்.

திரும்பி வந்தபோது உன் வாய் திறந்திருந்தது. கண்ணும். கை ஜன்னல் பக்கம் நீண்டு கிடந்தது. கம்பியில் நான் போட்ட முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததே தவிர முடிச்சு அவிழவில்லை. அடுப்படிக் கத்தியால் அறுத்து, முடிச்சை மடியில் சொருகிக்கொண்டு, கயிற்றின் முனையைக் கையில் பிடித்தபடி உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வந்தபோது கண்டது அதைத்தான்.

"மூணு தடவ இழுத்தாருளா. நானும் மூணு தடவ இழுத்துப் பதில் சொன்னேன். சிரிச்ச மூஞ்சோட போனாரு" என்றேன்.

நான் சொன்ன அந்தக் கதையையும் அப்படியே நடித்தாள், மச்சான். நாடகத்தின் முடிவே அதுதான். நீயாகக் கட்டிலில் படுத்தாள். கயிற்றின் முனையை முன்வரிசையில் இருந்த என் மடியில் எறிந்தாள். நான் அறுத்த முனை. பிரியாமலிருக்க நூல் சுற்றி வைத்திருக்கிறாள். மூன்று முறை இழுத்தாள். நான் திருப்பி இழுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். என் கை எழவில்லை. சனம் மூக்கைச் சிந்திக்கொண்டு காத்திருந்தது. நான்காவது முறை இழுத்தாள். ஐந்தாவது முறையும் இழுத்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வெளியே வந்து, "ஏன் மாமா இழுக்கல?" என்று கேட்டாள்.

"கை வழுக்கிட்டுளா."

"பரவால்ல மாமா. ஒங்க கையிலதான் போனாருங்கிற நெனப்புலதான் நான் இன்னைக்கும் தூங்குதேன். அடுத்த தடவ இழுத்துருங்க."

அவளிடம் காட்டிவிடலாம் என்றுதான் இன்று இந்த முடிச்சை எடுத்தேன். அவள் தூக்கத்தை நினைத்ததும் துணிச்சல் போய்விட்டது. பயமா பாசமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. எல்லாக் கதையையும் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவன், இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

வருகிற ஞாயிறு ஸ்ரீவைகுண்டத்தில் நாடகம். முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். அவள் மூன்று முறை இழுப்பாள். நானும் மூன்று முறை இழுப்பேன். நீ எத்தனை முறை இழுத்தாய் என்று எனக்குத் தெரியாது, மச்சான். மூன்று என்பது நானாகச் சொன்னது.