தீயணைப்பு வண்டிக்கு ஒரு வழி

ஆகஸ்ட் 16, 2023

கந்தர்வக்கோட்டைப் பக்கம் புது அந்தோணியார் கோயில் கட்டுகிற வேலை எனக்கே கிடைத்துவிட்டது. கோயில், சாமியார் பங்களா, மண்டபம், மறைக்கல்வி வகுப்பறைகள், சுற்றுச்சுவர், எல்லாமே என் வரைபடம்தான். தனியாக ஆபீஸ் போட்ட பிறகு வரும் முதல் பெரிய வேலை. நான் கடைசியாகச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தது பிளஸ் டூ படிக்கும்போது. நல்லவேளை, கட்டடக் குழு அதைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 5

குழுத் தலைவர் பிச்சை ஐயா, சிங்கப்பூரில் இருந்து திரும்பியவர். நான் வரைந்த தாழ்வான ஓட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, "என்ன இன்ஜினியரம்மா, மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு? கோபுரம் நார்த்தாமலைல நின்னு பாத்தாலும் தெரியணும்" என்றார். அத்தனை மைல் தள்ளி நார்த்தாமலையில் நிற்பவருக்கு வேறு வேலை இல்லையா? கேட்கவில்லை. கோபுரத்தை உயர்த்திவிட்டேன்.

நவம்பர் 21

பழைய கோயிலைக் கூட்டுகிற இன்னாசியம்மாள் டீ கொண்டுவந்தார். பின்தெருக்காரர். வரைபடத்தை எட்டிப் பார்த்து, "பின்னாடி ஒரு கேட்டு இருக்கா தாயி? இருந்தா என்னைக்காச்சும் தேரு எங்க தெருவுக்கு வரும்ல" என்றார்.

திருவிழாத் தேர் பின்தெருவுக்குள் போனதே இல்லையாம். ஏன் என்று பிச்சையைக் கேட்டேன். "ரோடு சின்னதும்மா." ஜல்லி லாரி தினமும் அந்த ரோட்டில்தான் வருகிறது! சாதி என்று சொல்ல மட்டும் வாய் வராது. ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒரே தொட்டியில். தேர் மட்டும்... ச்சீ.

ஜனவரி 9, 2024

குழுக் கூட்டம், ஃபாதரும் இருந்தார். வேலை முடிந்ததும், ஜல்லி லாரிக்காக விட்டிருந்த பின்கேட்டை அடைத்துச் சுவர் எழுப்பச் சொன்னார்கள். "முடியாதுங்கய்யா, தீயணைப்பு வண்டி வர ரெண்டாவது வழி வேணும். இல்லன்னா அப்ரூவல் கெடைக்காது" என்று அடித்துவிட்டேன். முழுப் பொய். முன்கேட்டே போதும். ஃபாதர் என்னைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். இன்னாசியம்மாள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஒன்று சேர்ந்தது.

ஆகஸ்ட் 2

கோபுரத்தில் நாலு மைக் குழாய் கட்டியாகிவிட்டது. அந்தோணியார் காது பாவம்.

பிப்ரவரி 11, 2025

முன்கேட்டு வளைவுக்குக் கீழே குறுக்கே ஒரு கிரானைட் பலகை வேண்டுமாம். குழுவினர் பெயர்கள் போட. "கீழ நின்னே படிக்கிற ஒயரத்துல இருக்கணும்." தேர் இடிக்குமே ஐயா என்றேன். "தேரப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? நீங்க வரைங்கம்மா."

வரைந்தேன். 'தேர் இடிக்கும்' என்று வரைபடத்திலேயே எழுதியும் கொடுத்தேன். யார் படிக்கிறார்கள்?

மே 30

பின்கேட்டுக்குப் பெரிய பூட்டு. சாவி பிச்சையிடம். தீப்பிடித்தால் அவரைத் தேடிப் போக வேண்டுமாம். பூட்டைப் பார்த்தபடி இன்னாசியம்மாள் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையா வருது. ஒரு கேட்டு வரைஞ்சா சாதி போயிருமா? நான் என்ன லூசா?

ஜூன் 14

நேற்று திருவிழா. ஃபாதர் தீர்த்தம் தெளித்துத் தேரை மந்திரித்ததும், வெடி போட்டு, முன்கேட்டுக்கு இழுத்தார்கள். அந்தோணியார் தலைக்கு மேலிருந்த குடை பெயர்ப்பலகையில் முட்டி நின்றது. ஷெட்டில் நிற்கும்போது மேல்தட்டைக் கழற்றி வைத்திருந்ததால் தேரின் முழு உயரம் யாருக்கும் நினைவில்லை.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்தோணியார் சுரூபத்தைக் குடையோடு இறக்கலாம் என்றார் ஒருவர். மந்திரித்த பிறகு இறக்கினால் ஊருக்கே ஆகாது என்று பெண்கள் சத்தம் போட்டார்கள்.

"அப்ப பலகைய ஒடைச்சிரலாங்களா?" ஃபாதர் ரொம்ப சாந்தமாகக் கேட்டார்.

பிச்சை தன் பெயரை அண்ணாந்து பார்த்தார். பளபளவென்று இருந்தது. தேரைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"பின்பக்கமா விடுங்கப்பா."

ரோடு தாராளமாக இருந்தது. பின்தெருவில் மெழுகுவர்த்தி தேடி ஓடினார்கள். கிடைக்காதவர்கள் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

இன்னாசியம்மாள் வீட்டு வாசலில் தேர் நின்றது. அவர் அழுதுகொண்டே கும்பிட்டார். பிறகு என்னைக் கண்டு கிட்டே வந்து, கையைப் பிடித்துக் காதோரம் கேட்டார்.

"ஏந்தாயி, இதானா அந்தத் தீயணைப்பு வண்டி?"