சிஜாயாவின் ஏடும் நம் ஏடும்

அன்பு மகள் ஹஸ்னியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் துணை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் கோத்தோ சூப் கடைக்கு மட்டும் நடக்க வந்துவிடுகிறது.

உன் கடிதம் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் மூதாதை டாயெங் பபேத்தா அந்தக் காலப் போரில் டச்சுக்காரனுக்கு நம் அரசரின் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார் என்று ஆராய்ச்சியில் எழுதியிருக்கிறாய், அதற்கு ஆதாரம் நம் ஊர் சிஜாயா வீட்டுப் பழைய வரலாற்று ஏடு! அடியே, ஐந்து வருஷம் ஹாலந்தில் படித்தது இதற்குத்தானா? அவன் தேர்தலில் நிற்கப் போகிறவன், தன் மூதாதை கோட்டை வாசலில் வாளோடு செத்தான் என்று காட்ட ஏடு வேண்டியிருந்தது, வந்துவிட்டது. எவன் எழுதினான், எழுதியதால் யாருக்கு லாபம் என்று கேட்க உனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? அடுத்த மாதம் அத்தனை பேராசிரியர் முன்னால் இதை வைத்துக்கொண்டா நிற்கப் போகிறாய்?

நானே போய்ப் பார்த்தேன். வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருக்கிறான், காகிதத்தில் காப்பி வாசனை, பழசாகக் காட்ட நனைத்திருக்கிறான். தொடாதீங்கக்கா, முந்நூறு வருஷத்துப் பழசு, பொடிஞ்சு போயிடும் என்றான். தொடவில்லை, வாசித்தேன். முதல் வரியிலேயே அரசர் பெயர் மொட்டையாக நிற்கிறது. பெரியவர்களின் இயற்பெயரை எழுதும் முன் 'நான் சாபத்தில் விழாதிருப்பேனாக' என்று கேட்டுக்கொள்ளாமல் நம் பழைய எழுத்தர்களுக்குக் கை நகராது, பேருக்குப் பேர் அந்த வரி வரும். இதில் ஓர் இடத்தில்கூட இல்லை. ஏனப்பா என்றேன், அதெல்லாம் எடத்த அடைக்குதுன்னு விட்டிருப்பாங்க என்கிறான். சாபத்துக்குப் பயப்படாத எழுத்தன், நேற்றைக்குப் பிறந்தவன். தூ!

அவன் மானத்தை ஊர் முன்னால் வாங்க வேண்டும் என்று நம் வீட்டு ஏட்டை எடுத்தேன். கோட்டைப் போர் வரும் இடத்தில் இரண்டு தாள் ஒட்டிக் கிடக்குமே, மழை ஈரம் என்று என் அப்பா சொல்லுவார். ஆவியில் காட்டிப் பிரித்தேன். ஈரமாவது மண்ணாவது, அரிசிப் பசை, நடுவில் அவர் பிடிக்கும் கிராம்பு சிகரெட்டின் தூள். உள்ளே பபேத்தாவின் சொந்த மகன் எழுதியிருக்கிறான்: 'நான் சாபத்தில் விழாதிருப்பேனாக, என் தகப்பனார் பபேத்தா கதவைத் திறந்தார், உள்ளே இருந்தவர்கள் வெட்டுப்பட்டார்கள்.' அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிஜாயாவின் கள்ள ஏடு குருட்டாம்போக்கில் நிஜத்தைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அதற்காக அது நல்ல ஏடாகிவிடாது, அந்த ஆதாரத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுத்து எழுதியவனுக்கு என்ன லாபம்? அவனை நம்பலாம், படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் அப்பா, ஊருக்குள்ள எப்பிடிடீ தலை நிமிந்து நடக்குறது, பேசாம மறுபடி ஒட்டிடு என்று தானே அடுப்பில் அரிசியைக் குழைய வைத்தார். கோழிக்குப் போட்டுவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இருக்க வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மறந்துவிடாதே, பக்கத்தை ஒட்டியவர் யார் என்பதையும் எழுது: டாயெங் சித்தாபா, என்னைப் பெற்ற அப்பா.

இப்படிக்கு
உன் அம்மா
டாயெங் கானாங்