திருப்பி அனுப்பும் பிடிமண்

14 ஜூன் 2024, வெள்ளிக்கிழமை, இரவு 9.40
7. அய்யனார் கோயில்காட்டு மண்

சென்ற மாதம் 17ஆம் தேதி, குன்றாண்டார்கோவில் பக்கத்து அய்யனார் கோயில்காட்டிலிருந்து, மண்ணில் வாழும் பூஞ்சைகளை ஆராய்வதற்காக இரண்டு பை மண் எடுத்து வந்தேன். அதற்கு இசைந்த பூசாரி கருப்பையா இன்று மாலை புதுக்கோட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மேசைமேல் இருந்த பைகளைக் கண்டதும் கும்பிட்டார்.

“வேற ஊருல கோயில் கட்டத்தானுங்கய்யா பிடிமண் எடுப்பாங்க. மண்ணோட சாமியும் ஒங்க வீட்டுக்கு வந்துருச்சுன்னு ஊருல பேசுறாங்க.”

“இது ஆய்வுக்கு எடுத்த மண், கருப்பையா.”

“எனக்குத் தெரியுங்க. சாமியே போனபெறகு காட்டுக்கு எதுக்குப் பயப்படணும்னு கேக்குறாங்களே. ஞாயித்துக்கெழமை ஊர்க்கூட்டம். மரத்தை வெட்டிப்புட்டுத் தைலமரக்கண்டு வைக்கணுமாம். மண்ணைக் குடுத்துருங்க. சாமியைத் திருப்பி அனுப்பிட்டேன்னு ஒரு கடுதாசியும் எழுதுங்க.”

ஈரம் கணக்கிடுவதற்காக ஒரு பை மண்ணைச் சூடேற்றி உலர்த்திவிட்டதைச் சொன்னேன்.

“சாமியை வறுத்துட்டீங்களா? அதை ஊருல சொல்லிராதீங்க,” என்றார்.

அவர் கூடத்தில் உறங்குகிறார். மெய்யென்று நான் அறியாத எதிலும் இதுவரை கையொப்பம் இட்டதில்லை. அந்த மண்ணில் என்னென்ன உயிர்கள் உள்ளன என்று சான்று தரலாம். அதைக் கேட்டு எவரும் கோடரியைக் கீழே வைக்கமாட்டார். தைலமரம் ஊன்றினால் அந்த மண் என்னவாகும் என்பதை உறுதியாக அறிவேன். மூன்று வரைவுகளைக் கிழித்துவிட்டு, நான்காவதில் கையொப்பமிட்டேன்.

கடிதத்துடன் இணைப்பு: ஈரமண், ஒரு பை. உலர்த்திய மண், ஒரு பை. அய்யனார், ஒருவர்.