கற்பூரக் கரியில் ஒரு கோடு

நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் அனுப்பிய உறை முந்தாநாள் தபாலில் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தேன். எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவேன் என்று நீ கேலி செய்வாயே, அந்தப் புத்தி இந்த வயதிலும் போகவில்லை. கற்பூரக் கரி வாசனை வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது தங்கியிருக்குமா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. உள்ளே ஒரு சாண் நீளத்தில் அலுமினியத் தாள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. கறுப்பின் நடுவே ஊசியால் கீறியதுபோல ஒரு வெள்ளைக் கோடு.

உடனே அவளுக்குப் போன் செய்தேன். "வாப்பா மவுத்தாகுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எடுத்து வச்சாங்க மாமா. 'அவன் வாயத் தொறந்து கேக்கமாட்டான், நீயே அனுப்பிடு'ன்னாங்க" என்றாள். எதற்காக என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துமே இரண்டு நாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பங்குனியில் தஞ்சாவூருக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தில் கிளைடர் போட்டி வைத்திருந்தார்கள். எஞ்சின் கிடையாது, கயிறு கட்டி இழுத்து மேலே விட்டதும் வெயிலில் எழும்புகிற காற்றைப் பிடித்துக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்று நீ விளக்கியபோது, இதில் ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நாம் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நீ அதிராம்பட்டினத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் மன்னார்குடிச் சாலையோரம் நிலம் வைத்திருந்தவரின் மகன். வேலைக்காகப் பூனா போன இடத்தில் நீ பறக்கக் கற்றுக்கொண்டாய். "உங்கப்பாகிட்ட ஜீப்பக் கேளுடா. நான் எங்கயாவது வயல்ல எறங்கிட்டா வந்து இறக்கையக் கழட்டி ஏத்திக்கிட்டு வரணும், அவ்வளவுதான் வேலை" என்றாய். அப்பா கொடுத்தார். உன்னை அவருக்கு அப்போது பிடித்திருந்தது.

காலையில் முதல் வேலை கற்பூரம் கொளுத்துவது. உயரத்தைக் கோடாக எழுதுகிற பெட்டி ஒன்று ஒவ்வொரு விமானத்திலும் இருக்கும். அதற்குள் சுற்றுகிற உருளையில் இந்த அலுமினியத் தாளைச் சுற்றி, கற்பூரப் புகையில் காட்டிக் கரி ஏற்ற வேண்டும். பறக்கும்போது ஒரு முள் அந்தக் கரியைக் கீறிக்கொண்டே போகும். விமானம் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். கற்பூரத்தைப் பெரிய கோயில் எதிரே ஒரு கடையில் வாங்கினோம். "தினம் ஒரு டப்பா வாங்குறீங்களே, எந்தச் சாமிக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "ஏரோப்ளேனுக்குங்க" என்றாய். மறுநாளிலிருந்து டப்பாவைக் கையில் தருவதற்கு முன்னால் அவர் நம் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார்.

கரி ஏற்றியதும் நடுவர்கள் பெட்டிக்கு ஈய முத்திரை வைப்பார்கள். போன ஊரை மேலேயிருந்து படம் பிடித்து வர ஒரு கேமரா, அதற்கும் முத்திரை. யாரும் யாரையும் நம்பாத விளையாட்டு என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. பந்தலில் கரும்பலகையில் அன்றைய வழியை எழுதிப் போட்டுவிடுவார்கள். பத்து மணிக்கே எல்லோரும் தயார். ஆனால் பதினொன்றரை வரை ஒருவரும் கிளம்பாமல் மோர் குடித்துக்கொண்டு நிற்பீர்கள். முதலில் போகிறவன் காற்று கிடைக்காமல் கீழே வந்துவிட்டால் மற்றவர்களுக்கு லாபம். ஒருவன் தொப்பியை எடுத்து மாட்டினால் பத்துப் பேர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

பிறந்ததிலிருந்து தலைக்குமேல் இருந்த வானத்தை நான் அந்த வாரம்தான் பார்த்தேன். தண்ணீர் இல்லாத காவிரி மணல், அறுப்பு முடிந்த வயல், ரைஸ்மில்லில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம், இவற்றின் மேல்தான் சூடு எழும்பும். பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமிட்டால் நம்பிப் போகலாம். மூன்று மணிக்குமேல் கிழக்கேயிருந்து கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் எழும்புகிற காற்றெல்லாம் அடங்கிவிடும். "கடக்காத்து வந்துடுச்சுன்னா அடுப்புல தண்ணி ஊத்துன மாதிரிடா. ஆனா வாடையிலேயே எனக்குத் தெரிஞ்சுடும்" என்று நீ பெருமையடித்துக்கொண்டாய். அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் உன்மேல் மனசுக்குள் வழக்கு நடத்தினேன்.

ஊரும் அப்போது சந்தேகத்தில்தான் இருந்தது. ஆட்சி மாறிச் சில வருஷங்கள். தெருமுனையில் கறுப்பு சிவப்புக் கொடி, வாய்க்கால் மேட்டில் செங்கொடி. நில உச்சவரம்பு என்றும், குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் என்றும் டீக்கடைகளில் ஓயாத பேச்சு. சத்தமில்லாமல் தலைக்குமேல் சுற்றுகிற விமானத்தை அந்த நேரத்தில் யார் நம்புவார்கள்? பினாமி நிலத்தைப் படம் எடுக்க அரசாங்கம் அனுப்பியது என்றார்கள் மிராசுதார்கள். கூலிப் போராட்டத்துக்கு யார் யார் கூடுகிறார்கள் என்று பார்க்கப் போலீஸ் அனுப்பியது என்றார்கள் வேலைக்காரர்கள். அப்பா என்னிடமே கேட்டார். "அந்தக் கேமராவுல நம்ம வயலும் விழுமாடா?" விழாது என்றேன். அவர் நம்பவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் அஞ்சலை. சாலைக்குத் தெற்கே எங்களுடைய ஆறு மா நிலத்தை அவள் புருஷன் பல வருஷம் குத்தகைக்குச் செய்தான். அவன் பாம்பு கடித்துச் செத்தபின் அவளே செய்தாள். "குத்தகை அவனோட போச்சு" என்றார் அப்பா. "நடவும் அறுப்பும் நான் பாக்குறேன், அது எப்படிங்க போவும்?" என்றாள் அவள். ஆனால் வாய்ப்பேச்சைத் தவிர அவளிடம் ஒன்றும் கிடையாது. அளந்த நெல்லுக்கு ரசீது தரும் வழக்கமில்லை. பயிர்க் கணக்கான ஊர் அடங்கலில் கணக்குப்பிள்ளை வருஷாவருஷம் 'சொந்தச் சாகுபடி' என்று எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே எழுதிவிடுவார். தாசில்தார் விசாரணைக்கு இரண்டு மாதம் இருந்தது. அவள் பெயர் போட்ட ஒரு காகிதம் இருந்தால் சாகுபடி உரிமை அவளுக்கு, இல்லாவிட்டால் அவள் வெளியே போக வேண்டியதுதான்.

போட்டியின் ஐந்தாம் நாள் நீ மூன்றாவது இடத்தில் இருந்தாய். அன்றைய வழி தஞ்சாவூரிலிருந்து திருப்பனந்தாள், அங்கிருந்து மன்னார்குடி, பிறகு தஞ்சாவூர். நான் ஜீப்போடு மன்னார்குடிச் சாலையில் காத்திருந்தேன். இரண்டரை மணிக்கே புளியமரத்து இலையெல்லாம் மேற்கே சாய ஆரம்பித்தது. கடல் காற்று அன்றைக்கு முந்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊருக்கு மேலே ஒரு வெள்ளை இறக்கை தாழ்வாகச் சுற்றுவதைக் கண்டேன். பிறகு அது மூங்கில் கொல்லைக்குப் பின்னால் மறைந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது விமானம் அஞ்சலையின் ஆறு மாவில், உளுந்துச் செடிகளுக்கு நடுவே, ஒரு பக்க இறக்கையை ஊன்றிக்கொண்டு கிடந்தது. அவள் அரிவாளோடு அதற்கு முன்னால் நின்றாள்.

"பண்ணையாருதான் இத எறக்கிவிட்டாரா சின்னய்யா? உளுந்த அழிச்சா நான் போயிடுவேன்னு பாத்தாரா?"

"இல்ல. காத்து இல்லாம எறங்கிடுச்சு."

"காத்து இல்லியா? தலமயிரு பறக்குது, காத்து இல்லைங்கிறீங்க!"

நீ சிரிக்கவில்லை. "அழிஞ்ச உளுந்துக்குப் போட்டிக்காரங்க ஈடு குடுத்துடுவாங்கம்மா. இது யாரு சாகுபடின்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். "எங்க சாகுபடிதான். ஊர்ல யார வேணா கேளுங்க" என்றாள். நீ அவள் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாய். வயலில் இறங்கியவர்கள் நிரப்ப வேண்டிய காகிதம் அது. எந்த ஊர், எத்தனை மணி, யார் சாகுபடி, என்ன பயிர், விமானத்தை அங்கே கண்ட சாட்சிகள் இரண்டு பேர், அதில் ஒருவராவது உள்ளூர்க்காரர். கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்று நடுவருக்கு, ஒன்று பயிர் வைத்தவருக்கு. சாட்சி இல்லையென்றால் நீ அன்று பறந்த தூரம் செல்லாது.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. கையெழுத்து என்றதும் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். அஞ்சலை இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "கைநாட்டு வச்சா நெலம் போயிடும்னு எங்க வூட்டுக்காரரு சாவும்போது சொல்லிட்டுப் போனாரு" என்றாள். சைக்கிளில் வந்த தபால்காரர்தான், "ஊரு பூரா கையெழுத்து வாங்குறவன், நான் ஒண்ணு போட்டா கொறஞ்சா போயிடுவேன்?" என்று முதல் சாட்சியாகப் போட்டார். அவர் வெளியூர்க்காரர். இன்னொன்று உள்ளூராக வேண்டும். நீ என்னைப் பார்த்தாய். நீ காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அஞ்சலை தன் பிரதியை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கையெழுத்துக்கு வராத கைகளெல்லாம் இறக்கை தூக்க வந்தன. அன்றைய கணக்கில் நீ ஆறாவது இடத்துக்குப் போய்விட்டாய்.

விசாரணையன்று அவள் அந்தக் காகிதத்தைத் தாசில்தார் மேசையில் விரித்தாள். பயிர் உளுந்து. சாகுபடி அஞ்சலை. உள்ளூர்ச் சாட்சி, நிலத்துச் சொந்தக்காரரின் மகன். பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது.

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "அது உன் கையெழுத்துதானா?"

"படிக்கலப்பா. அவன் அவசரப்படுத்துனான். காட்டுன எடத்துல போட்டுட்டேன்" என்றேன்.

"அவளோட பேசி வச்சுக்கிட்டு எறங்கியிருக்கான் கடக்கரைக்காரன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

துபாய் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்தாய். அப்பா உன்னை உட்காரச் சொல்லவில்லை. "எம் புள்ளைய படிக்கவிடாம கையெழுத்து வாங்குனியாமே?" என்றார். நீ ஒரு தடவை என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "ஆமாங்கப்பா. நான்தான் அவசரப்படுத்திட்டேன், மன்னிச்சிருங்க" என்றாய். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே உன் காலில் விழுந்திருப்பான். நான் சந்தேகப் பிராணி. செய்யாத தப்பை ஒருவன் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். அப்படியானால் அப்பா சொன்னது நிஜம்தானோ? கடல் காற்றை வாடையிலேயே கண்டுபிடிக்கிறவன் அன்றைக்கு மட்டும் எப்படி மாட்டினான்? அரை மைல் தள்ளி வறண்ட ஏரி கிடக்க, உளுந்து வயலில் என்ன வேலை? அத்தனை வயல் இருக்க, வம்பில் கிடந்த அந்த ஆறு மா எதற்கு? உன் துபாய்க் கடிதங்களையெல்லாம் இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் படித்தேன். உன் மகள் கல்யாணத்தில் ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சோறு சாப்பிட்டோம். இறைச்சியை என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தாய். அப்போதும் நான் கேட்கவில்லை.

இன்று காலை பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தினமும் கரி ஏற்றியவன், இந்தக் கோட்டைப் படிக்க எனக்குத் தெரியும். வேண்டுமென்றே இறங்கியிருந்தால் நல்ல உயரத்திலிருந்து கோடு ஒரேயடியாகக் கீழே விழுந்திருக்கும். விழவில்லை. மன்னார்குடி தாண்டியதும் மெதுவாகச் சரிந்து வந்து, அரிவாள் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், ஏழு பல். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னது. கடைசிப் பல் குறுநொய் அளவுதான். அந்த உயரத்திலிருந்து ஏரிக்குப் போயிருக்கவே முடியாது. எங்கள் ஊருக்கு மேலே ஏழு தடவை காற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், மேலேயிருந்து நீளமாகத் தெரிந்த ஒரே வயலில் இறங்கியிருக்கிறாய். நீ யாரோடும் எதையும் பேசி வைக்கவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். கேட்டிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பாய்.

மேலே எழுதியதை இப்போது திருப்பிப் படித்தேன். 'நீ காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்' என்று இருக்கிறது. உனக்கு எழுதும்போதுகூட என் கை அப்பாவிடம் சொன்ன கதையைத்தான் எழுதுகிறது பார். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

நடந்தது நம் இருவருக்கும் தெரியும். காகிதத்தை நீட்டும்போது நீ அவசரப்படுத்தவில்லை. "படிச்சுப் பாத்துட்டுப் போடுடா. உங்கப்பா நெலம்" என்றாய். நான் படித்தேன். அஞ்சலை பெயர் இருந்த வரியை இரண்டு தடவை படித்தேன். விசாரணை வரப்போவது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அறுப்புக்கு அறுப்பு அவள் தலைச்சுமையாக நெல் கொண்டுவந்து எங்கள் களத்தில் அளந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். அப்பாவிடம் நேரே சொல்லத் தைரியமில்லை. உன் காகிதம் வந்தது, போட்டேன். வாழ்நாளில் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். அதையும் உன் தலையில் கட்டிவிட்டு, நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று உன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்த ஆறு மாவில் இப்போது அஞ்சலையின் பேரன் சாகுபடி செய்கிறான். ஊரில் அதற்கு ப்ளேன் வயல் என்று பேர். "அந்தப் பாய் எறங்கலைன்னா எங்களுக்கு ஏதுங்க நெலம்?" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். நான் தலையாட்டிவிட்டு நடப்பேன். நாளைக்கு அவனிடம் போக வேண்டும். உன்னைக் குறைத்துச் சொல்ல அல்ல, ஏழு தடவை நீ அங்கே இறங்காமல் தப்பிக்கப் பார்த்ததைச் சொல்ல.

சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினாள். கூடத்தில் அப்பா படம் இருக்கிறது. உன் அலுமினியத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நேரே போய் நின்றேன். அவள் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

"படிச்சுப் பாத்துட்டுத்தாம்ப்பா போட்டேன்."