எவ்வளவானாலும் இருக்கட்டும்

நாள் 212, காலை 09:10
செவ்வாய், நான்காம் நிலையம். எழுதுவது பராமரிப்புப் பொறியாளர் உலகம்மாள். காற்றழுத்தம் சரி. தண்ணீர் வடிகட்டியைக் கழுவினேன். கழுவும் முறையைக் காட்டும் பக்கம் திறக்க இரண்டு மிக்ஸி விளம்பரம் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே எந்தத் தேங்காயை அரைக்க?

காசு கட்டினால் விளம்பரம் வராது. நானும் என் வீட்டுக்காரர் சுடலைமுத்துவும் கட்டியதில்லை. கம்பெனியின் விலை ஆய்வாளர் ரகோத்தமன் மாதாமாதம் கேட்பார்: "விளம்பரமில்லாத பக்கத்துக்கு எவ்வளவு தருவீர்கள்?" வீட்டுக்காரர் பதில் அனுப்புவார்: "ஒரு கும்பிடு."

நாள் 219, 16:40
ரகோத்தமன் முறையை மாற்றிவிட்டார். அவசரம் கூடக்கூட விளம்பரமும் நீளும். அப்போதுதான் ஜனங்கள் காசை எடுப்பார்களாம்.

காசு கட்டி விளம்பரத்தை நீக்கவா என்று இயந்திரம் கேட்கும்; பதிலைக் குரலில் சொல்ல வேண்டும். பேச்சில் "இருக்கட்டும்" என்று வந்தாலே, விளம்பரம் இருக்கட்டும் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. புகார் அனுப்பினேன். ரகோத்தமன் பதில்: "அகராதிப்படி சரிதான் மேடம். உங்க ஊர்ப் பேச்சுக்கெல்லாம் மாத்த முடியாது."

நாள் 226, 11:05
மூன்றாம் அறையில் காற்றுக் கசிவு. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே இவர். நான் தொலைவில், வண்டியில். ரேடியோவில் எல்லாம் கேட்டது.

கதவு திறக்கும் பக்கத்தைக் கேட்டார். "காசு கட்டி விளம்பரத்தை நீக்கவா?"

"எவ்ளோனாலும் இருக்கட்டும், சீக்கிரம் காட்டித் தொலைலே!"

"நன்றி. விளம்பரம் இருக்கும்."

மெத்தை விளம்பரம். நான்கு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் இவர் குரல் நின்றது. அது பாட்டுக்குத் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தது.

நாள் 228, 10:00
ரகோத்தமன் செய்தி: "ஆழ்ந்த இரங்கல் மேடம். அந்த நேரத்துல சார் எவ்வளவு குடுக்கத் தயாரா இருந்தார்னு சின்னதா ஒரு குறிப்பு அனுப்பினா ஆய்வுக்கு உதவியா இருக்கும்."

நாசமாய்ப் போவான். இனி மரியாதை கிடையாது.

நாள் 341, 08:15
ஆய்வுக்காக அவனே வருகிறான், தனி விண்ணோடத்தில். இறங்கும் உயரம் காட்டும் பக்கமும் இந்த நிலையம் வழியாகத்தான் போகும். அதிகாரிகளுக்கு விளம்பரம் வராது. அந்த விலக்குப் பட்டியல் என் சர்வரில் இருக்கிறது. அவன் பெயரை அழித்தேன். வேறு ஒன்றையும் தொடவில்லை. சிரித்தேன்.

நாள் 348, 14:22
ஓடம் இறங்குகிறது. உயரம் காட்டவில்லை. மெத்தை விளம்பரம் ஓடுகிறது.

"மேடம், என்ன இது? எனக்கு விளம்பரமே வராதே! நிறுத்துங்க!"

நிலையத்து மேசையில் விளம்பரத்தை நிறுத்தும் பொத்தான் என் விரலடியில்.

14:24
"காசு கட்டி விளம்பரத்தை நீக்கவா?"

அவனுக்குத் தெரியும். அந்த அகராதி அவன் தொகுத்தது. "நீக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உயிர் பயத்தில் வாய் எங்கே அகராதி பார்க்கிறது?

"எவ்வளவா இருந்தாலும் இருக்கட்டும்! சீக்கிரம்!"

"நன்றி. விளம்பரம் இருக்கும்."

14:26
"உலகம்மா... தாயே... என்ன வேணா தரேன்மா..."

ஆய்வுக்கு விடை கிடைத்துவிட்டது. குறித்துக்கொண்டேன்.

14:28
மேற்கே புழுதி எழும்பியது. விளம்பரம் இன்னும் முடியவில்லை.

இதைப் படிப்பவர்கள் கேட்பீர்கள், பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று. விரல் அதன் மேல்தான் இருந்தது.

இருக்கட்டும்.