டீசல் லாரிக்கு நடந்த உபசாரம்

அன்புத் தம்பி தாரிக்குக்கு அக்கா சுக்ரான் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நிலநடுக்கத்துக்குப் பிறகு கொடுத்த இந்தக் கண்டெய்னர் வீட்டில் குளிர்தான், ஆனால் அடுப்பில் தேநீருக்குக் குறைவில்லை. ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிடு.

அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறாய். மறுபடி நிலநடுக்கம் வந்தால் அவள் டயாலிசிஸுக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. போன தடவை நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டடம் தப்பியது, குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் கிடையாது. நான் வேலை பார்க்கும் குடிநீர் நிலையத்துப் பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்நிலையத்தை இயக்கத் தொலைபேசி வேண்டும். தொலைபேசிக் கோபுரத்துக்கு டீசல் வேண்டும். இடிந்த சாலைகளைச் சுற்றிக்கொண்டு அதானா நகரத்திலிருந்து வந்தது ஒரே ஒரு டீசல் லாரி.

வாசலில் நின்று “நீங்க முதல்ல” என்று மல்லுக்கட்டுவோமே, அதே கூத்து! நான் லாரியைக் கோபுரத்துக்கு அனுப்பினேன். அங்கே கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் காஸிம் அண்ணன், “நோயாளிங்க இருக்காங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் முதல்ல” என்றார். ஆஸ்பத்திரிக்காரர்களோ, “எங்ககிட்ட கொஞ்சம் இருக்கு, பம்புக்கு ஊத்துங்க” என்று என்னிடமே திருப்பிவிட்டார்கள். அம்மாவின் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. அப்பாவைப் புதைத்த கையோடு இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஓட்டுநர் கத்தினார்: “நீங்க மரியாதை பண்ணி முடிக்கிறதுக்குள்ள என் வண்டி டீசலே தீந்துடும், அக்கா!” வெட்கத்தை விட்டு லாரிச் சாவியைப் பிடுங்கினேன். பம்புக்கு இரவல் வாங்கியிருந்த ஜெனரேட்டரில் ஊற்றிய பிறகுதான் மிச்சத்தைக் கோபுரத்துக்கு விட்டேன். தண்ணீர் ஆஸ்பத்திரியை எட்டியது. நாற்காலி தயாரானதும் அம்மா பக்கத்துப் பெண்ணிடம், “நீ முதல்ல போம்மா” என்றாளே பார்! நான் போட்ட சத்தத்தில் அம்மாவுக்கு முன்னால் நர்ஸே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எல்லா அலுவலகத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எதற்குப் பின் எது என்று முடிவு செய்தோம். பம்புக்குத் தனி ஜெனரேட்டர், கோபுரத்துக்குச் சூரியத் தகடு. உபசாரம் தேநீரோடு சரி. போன வாரம் பூமி மறுபடி குலுங்கியது. மின்சாரம் போயிற்று, தண்ணீர் நிற்கவில்லை. அம்மா டயாலிசிஸ் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் டிக்கெட்டை உன் பெயருக்கு மாற்று. “பாவம், அவன் தனியா இருக்கான், நாமதான் முதல்ல போகணும்” என்கிறாள் அம்மா. இந்த ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பாவின் கல்லறைக்குக் கல் வைத்தாகிவிட்டது, நீ இன்னும் பார்க்கவில்லை. பயப்படாதே, அங்கே நான் கூட வருகிறேன்.

இறைவன் உன்னைக் காக்கட்டும். நீ முதலில் வாடா.

உன் அக்கா,
சுக்ரான்