கீழ்க்குழாய் சில்லென்றிருந்தது

பெர்கன், புதன்கிழமை

அன்புள்ள ஜின்ட்ராவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விடவில்லை, ஆனாலும் பட்டறைக்குள் கதகதப்புதான்.

நேற்று ஒரு வேடிக்கை. தபால் கொடுக்கும் அம்மா ஒருத்தியின் கார், மேடு ஏறினாலே கொதித்தது. எங்கள் மேஸ்திரி ஓட்வார், "இன்ஜினே போச்சு, வேற வண்டி பாருங்க" என்றான். அவள் அழுதுவிட்டாள். ஓடும் இன்ஜினில் ரேடியேட்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். மேல்குழாய் சுட்டது, கீழ்க்குழாய் சில்லென்றிருந்தது. சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஓட்வாரிடம் சொன்னேன்.

"உன்னை யாருப்பா கேட்டா? போய் டயரை மாட்டு."

சாப்பாட்டு வேளையில் நானே புதிது போட்டேன். வண்டி சரியானதும் ஓட்வார்தான் அவளுக்குப் போன் செய்தான். அவள் கேக்கோடு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை யோசிச்சேன், கண்டுபிடிச்சிட்டேன்" என்றான், என் முன்னாலேயே. எனக்கும் ஒரு துண்டு நீட்டினான். வாங்கித் தின்றேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்தானே.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. பொட்டலத்தின்மேல் என் பெயரை முழுதாக எழுது. இங்கே எல்லோருக்கும் நான் வெறும் 'லாட்வியாக்காரன்'. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
கிர்ட்ஸ்